பதிமூன்றாவது வீட்டின் சாமை

சக்கரவர்த்தியின் மொத்த ராஜ்ஜியம் முக்கால் ஏக்கர் கொல்லை, இரண்டு ஆடு, வெளியே பெய்கிற மழை அப்படியே உள்ளேயும் பெய்கிற ஒரு ஓட்டு வீடு. அந்தக் கொல்லையும் சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏர் ஓட்டும்போது மாடு வழுக்கிவிட்டால் அதை மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில்தான் போய்ப் பிடிக்க வேண்டும். ஆனால் பெயர் வைப்பதில் அவன் அப்பாவுக்குக் கஞ்சத்தனமே கிடையாது. மூத்தவளுக்கு ராணியம்மாள், இளையவனுக்குச் சக்கரவர்த்தி, நாய்க்கு மந்திரி. அரண்மனை ஒன்றைத்தான் கட்டாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் நாவக்கொல்லை, கல்வராயன் மலையில் இருக்கிறது. பன்னிரண்டு வீடு. மேகம் ஊருக்குள் இறங்கிவிட்டால் எது எவன் வீடு என்று தெரியாது. பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, குழம்பு நன்றாக இருந்தது என்பதை வைத்துத்தான் இது நம் வீடு இல்லை என்று கண்டுபிடிப்போம். நான் அருள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு கீழே கள்ளக்குறிச்சிக்குப் போகும் சின்ன யானை வண்டி என்னுடையது. எனக்குத் தெரிந்த கணக்கு டீசல் முள் மட்டும்தான்.

சக்கரவர்த்தி ஐந்தாம் வகுப்பு வரை போனான். அதற்குள் எண்கள் அவனைப் பிடித்துக்கொண்டன. களை எடுக்கும்போது கை அப்படியே நிற்கும், கண் எங்கோ போய்விடும். காக்கா வந்து தலையில் உட்கார்ந்தாலும் தெரியாது. உட்கார்ந்திருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். கூடு கட்டாததுதான் பாக்கி.

“இன்னாடா பாத்துக்கினு இருக்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பன்னெண்ட” என்றான்.

“பன்னெண்டு எங்கடா கீது அங்க?”

“அது ஒரு வூடு மாதிரிடா அருளு. சுத்தியும் கதவு. ரெண்டு பேரா வந்தாலும் உள்ள போலாம். மூணு, நாலு, ஆறு, எப்படி வந்தாலும் யாரும் வெளிய நிக்க வேணாம். பக்கத்துலயே பதிமூணு கீது பாரு, அது அப்படி இல்ல. பூட்டிக்கினு கெடக்குது. பதிமூணு பேரும் ஒண்ணா வந்தாதான் தெறக்கும். இல்லாங்காட்டி ஒத்த ஆளா வரணும்.”

“பூட்டுக்காரன வரச்சொல்லட்டுமா?”

அவன் சிரிக்கவில்லை. அவன் அந்தப் பதிமூன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு அன்று அது விளையாட்டாக இருந்தது. ராணியம்மாள் மலை ஏறி வந்த பிறகுதான் அந்தப் பதிமூன்று எங்கள் ஊருக்குள்ளேயே வந்து நின்றது.

ராணியம்மாளைத் திருக்கோவிலூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. கட்டியவன் வேலைக்குப் போன இடத்தில் இன்னொரு வீடு பார்த்துக்கொண்டான். இவள் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு பெண் குழந்தையோடும் சித்திரை மாதம் பேருந்திலிருந்து இறங்கினாள். அழவில்லை. தம்பி கொல்லையின் மேல்பாதியில் தகரம் போட்டு ஒரு வீடு எழுப்பினாள். சுவர் வைக்க அவள் குழைத்த மண்ணை நான் மிதித்துக் கொடுத்தேன். ஊர்க் கணக்கில் அது பதிமூன்றாவது வீடு. ஆனால் ஊர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்ப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஆடி மாதம் சாமை விதைப்பதற்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் சாமி விதை பிரிப்போம். ஒரு சின்ன மண்பானை, கட்டைவிரல் அளவு ஒரு மரக் கரண்டி. பானைக்குச் சரியாக முந்நூற்று அறுபது கரண்டி சாமை பிடிக்கும். வீட்டுக்கு முப்பது கரண்டி. நாட்டாமை வீட்டுப் பெயரைக் கூப்பிடுவார், அந்த வீட்டுப் பெண் மடியை ஏந்தி வாங்குவாள். அந்தச் சாமையை முதலில் தெளித்துவிட்டுத்தான் மற்ற விதை. கோயிலில் பெயர் கூப்பிட்டால்தான் அது ஊர் வீடு. அதன்பின்தான் திருவிழாவில் வரிசை உண்டு, கூட்டத்தில் வாய் திறக்கலாம், சாவு விழுந்தால் தூக்க நாலு பேர் வருவார்கள். பெயர் கூப்பிடாத வீடு, மேகத்தில் மறைந்த வீடு மாதிரிதான். இருக்கும், ஆனால் இருக்காது.

இதில் கண்டிப்பான ஒரு கட்டு உண்டு. பானை நிரம்பியிருக்க வேண்டும், பங்கு சமமாக இருக்க வேண்டும், கடைசியில் ஒன்றும் மிஞ்சக் கூடாது.

ராணியம்மாள் வந்த ஆடியில் சக்கரவர்த்தி நாட்டாமை முனியனிடம் போய் நின்றான். முனியன் எங்களுக்கு மாமா முறை. நல்ல மனுஷன்தான். மீசை மட்டும் அவரைவிட இரண்டு வயது மூத்ததாகத் தெரியும்.

“மாமா, எங்கக்கா வூட்டுக்கும் ஒரு பங்கு போடுங்க.”

“வேணாம்னா சொல்றேன்? முந்நூத்தி அறுவது கரண்டிய பதிமூணா பிரி பாக்கலாம்.”

“ஆளுக்கு இருவத்தேழு. ஒம்பது மிச்சம்.”

“அந்த ஒம்பத யாரு வூட்டுல கொட்டறது? எங்க தாத்தா காலத்துல அரைக் கரண்டி மிஞ்சிப் போயி, அண்ணன் தம்பி அடிச்சிக்கினு ஒருத்தன் மலைய வுட்டே எறங்கிட்டான்டா. அவன் வம்சம் இன்னும் கீழ எங்கியோ வெயில்ல காயுது.”

“இன்னும் முப்பது கரண்டி ஜாஸ்தி போட்டா சரியா வரும் மாமா.”

“பானை இன்னா ரப்பர் பையா, இழுத்தா நீள்றதுக்கு?”

“அப்ப ஒம்பது கரண்டி கம்மி பண்ணலாம்.”

“கொறபானைய சாமி முன்னால வெப்பியா நீ? உன் வூட்டு விசேசத்துல பாதி எலைக்கு சோறு போட்டா ஒத்துக்குவியா?” முனியன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். “இதோ பாரு. பானையும் நெறையணும், பதிமூணு பங்கும் சமமா இருக்கணும், ஒரு மணி மிஞ்சக் கூடாது, கொறையக் கூடாது. செஞ்சு காட்டு. உங்கக்கா பேர நானே மொதல்ல கூப்புடறேன். சாமி மேல ஆணை.”

அந்த வருடம் பன்னிரண்டு பெயர் கூப்பிட்டார்கள். ராணியம்மாள் கோயிலுக்கு வந்து, ஓரமாக நின்று, எல்லோரும் வாங்குவதைப் பார்த்துவிட்டு, வெறும் மடியோடு திரும்பிப் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சக்கரவர்த்தி நின்றான்.

அடுத்த வருடப் பானையை நிரப்பும் முறை அவன் வீட்டுக்கு வந்தது. அறுவடையில் முதல் சாமையை எடுத்து வைத்து, விதைப்பு வரை காப்பாற்றி, பானையில் நிரப்பிக் கொண்டுவர வேண்டியது அந்த வீட்டின் பொறுப்பு. கார்த்திகையில் கதிர் அறுத்தான், சாமையை மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டான், மார்கழியில் எங்கள் ஊர்க்காரர்கள் பலரோடு கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இறங்கினான்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் சேரும்போது கல்யாணம் ஆகாதவன், உள்ளே போவதற்குள் பேரன் எடுத்துவிடுவான். அப்படி ஒரு பகலில் கரும்புக் கட்டின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு சக்கரவர்த்தி தன் பட்டன் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். வேறு எது, அதே முந்நூற்று அறுபது, அதே பதிமூன்று. ஒவ்வொரு தடவையும் இருபத்தேழுக்குப் பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பிறகு எறும்பு வரிசை மாதிரி ஒரு வால். ஆயிரம் தடவை போட்டிருப்பான். வாலில் ஒரு எறும்புகூடக் குறையவில்லை.

வெயிலில் போன் திரை மங்கலாக இருந்தது. முந்நூற்று அறுபதை அழுத்தினான். விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை அழுத்தினான். பதிமூன்றால் வகுத்தான்.

வால் இல்லை.

எனக்குப் போன் வந்தபோது நான் கள்ளக்குறிச்சியில் கிழங்கு இறக்கிக்கொண்டிருந்தேன்.

“அருளு, கதவு தெறந்துக்குச்சுடா!”

“எந்தக் கதவுடா, டிராக்டர் கதவா? டிராக்டருக்குக் கதவே கெடையாதே!”

“பதிமூணுடா! முந்நூத்தி அறுவத ரெண்டு தபா பக்கத்துல பக்கத்துல போடு. மூணு லட்சத்து அறுவதாயிரத்து முந்நூத்தி அறுவது. பதிமூணால வகு. இருவத்தேழாயிரத்து எழுநூத்தி இருவது. மிச்சம் ஒரு தூசு இல்ல!”

“தற்செயலா வந்திருக்கும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். நூத்தி நாப்பத்தஞ்ச ரெண்டு தபா போட்டேன், மிச்சமில்லாம போச்சு. எட்ட ஆறு தபா போட்டேன், அதுவும் போச்சு. எந்த மூணு எழுத்து நம்பரையும் ரெண்டு தபா எழுதினா பதிமூணு உள்ள பூந்துக்குதுடா.”

“ஏன்டா அப்படி?”

டிராக்டர் சத்தத்துக்கு நடுவே அவன் வாய்க்குள் எண்களை முணுமுணுப்பது கேட்டது. “இப்பதான் புரியுது. ரெண்டு தபா எழுதினா இன்னா அர்த்தம்? ஆயிரம் தபா அது, மேல இன்னொரு தபா அது. ஆக ஆயிரத்தோரு தபா. அந்த ஆயிரத்தொண்ணு கீதே, அதுதான்டா சாவி. பதிமூணு எழுவத்தேழு ஆயிரத்தொண்ணு.”

நான் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கடை கால்குலேட்டரில்தான். சரியாக இருந்தது.

“இன்னொண்ணு கேளு” என்றான். குரல் கிசுகிசுப்பாகிவிட்டது, ஏதோ காட்டில் மானைப் பார்த்தவன் மாதிரி. “இந்த மூணு லட்சத்து அறுவதாயிரத்து முந்நூத்தி அறுவதுக்கு ரெண்டுக்குக் கதவு கீது. மூணுக்கு கீது. ஏழுக்கு, பதினொண்ணுக்கு, பதினாலுக்கு… ரெண்டுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் யாரு வந்தாலும் தெறக்குது. இதவிட சின்ன நம்பர் எதுக்கும் அத்தினி கதவு இல்ல. பதினாறு மட்டும் பாவம், வெளிய நிக்குது.”

“பதினாறாவதா ஒருத்தன் வூடு கட்டினா இன்னாடா பண்ணுவ?”

“ரெட்டிப்பாக்கிட்டா அவனும் உள்ள வந்துடுவான். ஏழு லட்சத்து இருவதாயிரத்து எழுநூத்தி இருவது.”

“மொதல்ல நீ கீழ எறங்கு. கரும்போட சேத்து உன்னையும் அரைச்சிடப் போறாங்க.”

பங்குனியில் ஊர் திரும்பியதும் பரணிலிருந்து சாமையை இறக்கினான். மரக் கரண்டியால் ஒரு கரண்டி அள்ளி, முறத்தில் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணினான். ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. இன்னொரு கரண்டி. ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்துக்கு அன்று ஊரில் மின்சாரமே தேவைப்படவில்லை.

கரண்டிக்கு ஆயிரத்தொன்று சாமை. முந்நூற்று அறுபது கரண்டி. பானையும் நிறையும், கரண்டிக் கணக்கும் மாறாது. ஒவ்வொரு கரண்டியிலும் வீட்டுக்கு எழுபத்தேழு சாமை. பதிமூன்று வீட்டுக்கும்.

எண்ண ஆரம்பித்தான். சோடா மூடியில் எழுபத்தேழு. அப்படிப் பதிமூன்று மூடி. அது ஒரு கரண்டி. கரண்டியைப் பானையில் கொட்டிவிட்டு மறுபடியும் முதல் சாமை. காற்று வரக் கூடாது என்று கதவைச் சாத்தினான். ஆடுகள் அக்கா வீட்டுக்குக் குடிபோயின. மந்திரி வாசலில் காவல் படுத்தது. உள்ளே யாரும் தும்மக் கூடாது, இருமக் கூடாது, பலமாகச் சிரிக்கவும் கூடாது. இதனால் நான் அந்த வீட்டுக்குள் போக முடியாமலே ஆகிவிட்டது.

ராணியம்மாள் கஞ்சியைக் கொண்டுவந்து வாசலில் நிற்பாள்.

“டேய் தம்பி, கஞ்சி ஆறுது.”

உள்ளேயிருந்து ஒரு விரல் மட்டும் மேலே எழும். பொறு என்று அர்த்தம். அவள் பேசியதில் எண்ணிக்கை தவறியிருந்தால் அந்த மூடியை மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். அவள் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“எனக்காவ கண்ண கெடுத்துக்கறான் பாரு” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். “பேரு கூப்பிடாட்டி போவுது அருளு. நான் இன்னா மலைய வுட்டு எறங்கவா போறேன்? பொண்ணுதான் கேக்குது, நம்ம வூட்ட ஏம்மா கூப்புடலன்னு. அதுக்குத்தான் பதில் தெரியல.”

சில நாள் காலையில் மேகம் அந்த ஓட்டு வீட்டின் இடுக்கு வழியாக இறங்கி அவனைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் வழியாக நான் பார்ப்பேன். வெள்ளையாக எல்லாம் கரைந்து போயிருக்கும். சுவர் இல்லை, அடுப்பு இல்லை, சக்கரவர்த்தியில் பாதி இல்லை. ஒரு கையும், முறமும், முறத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் சாமையும் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். விரல் ஒரு சாமையைத் தள்ளும். உதடு அசையும். இன்னொரு சாமை. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் தூக்கம் மாதிரி ஒன்று வரும், ஆனால் தூக்கம் இல்லை. எண்ணிக்கையும் மேகமும் ஒன்றாக உள்ளே போகும். ஒருமுறை அப்படி நின்றுவிட்டு வண்டியை எடுத்தவன், கள்ளக்குறிச்சிக்குப் போகாமல் மணலூர்பேட்டையில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழங்கு என்னைப் பார்த்துச் சிரித்தது.

அவனுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. “ஒவ்வொரு சாமையும் உள்ள போவும்போது ஒரு கதவு கொஞ்சம் கொஞ்சமா தெறக்கற சத்தம் கேக்குதுடா” என்பான். “கடைசி சாமை விழும்போது பாரு, எல்லா கதவும் ஒண்ணா தெறக்கும்.”

ஆடி வருவதற்குள் கடைசி சாமை விழுந்தது. பானை விளிம்பு வரை நின்றது. வாயைத் துணியால் கட்டி, கோழிக்குஞ்சைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போனான்.

கோயில் முன்னால் தார்பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. முனியன் மாமா குளித்து, திருநீறு பூசி, மீசையை முறுக்கி, பானைத் துணியை அவிழ்த்தார். சாமியைக் கும்பிட்டார். வழக்கம்போல ஒரு சாமையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்து, “நல்லா காஞ்சிருக்கு” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். கரண்டியைக் கையில் எடுத்தார்.

“மாமா, நில்லுங்க” என்றான் சக்கரவர்த்தி. பானையில் இருப்பதைச் சொன்னான். ஆயிரத்தொன்றைச் சொன்னான், எழுபத்தேழைச் சொன்னான். கதவுகளையும் சொல்லத் தொடங்கினான், நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஊர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தது. பிறகு பானையைப் பார்த்தது.

“மூணு லட்சமா?” என்றார் முனியன் மாமா.

“மூணு லட்சத்து அறுவதாயிரத்து முந்நூத்தி அறுவது மாமா.”

“நீ எண்ணுன, சரி. நான் எப்படி நம்பறது?”

“எண்ணிப் பாருங்க.”

“எண்ணத்தான் போறோம். நீ கைய கட்டிக்கினு அங்க ஒக்காரு. உன் நெழலுகூட இதுல வுழக் கூடாது.”

இப்படித்தான் நாவக்கொல்லை முழுக்க, பல் முளைத்ததும் பல் விழுந்ததும், முறத்தையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு சாமை எண்ண உட்கார்ந்தது. விதைக்கப் போக வேண்டிய மாடுகள் ஏரோடு நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. ராணியம்மாள் தன் முறத்தோடு வந்து வட்டத்துக்கு வெளியே தயங்கி நின்றாள். முனியன் மாமாவின் மனைவி சின்னப்பொண்ணு அத்தை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“வந்து ஒக்காரு. கையி ஜாஸ்தி இருந்தா சீக்கிரம் முடியும்.”

எண்ணும் சத்தம் தேன்கூடு மாதிரி எழுந்தது. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று ஒரு பக்கம். இருநூற்று எட்டு என்று இன்னொரு பக்கம். ஆயிரத்தொன்று ஆனதும் ஒரு குவியல், தார்பாயில் வரிசையாக. பகலிலேயே மேகம் இறங்கியது. எண்ணுகிறவர்கள் தெரியவில்லை, எண்கள் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. எந்த எண் யார் வாயிலிருந்து வருகிறது என்று புரியாமல் நான் இரண்டு முறை அடுத்தவன் எண்ணிக்கையில் ஏறிக்கொண்டேன். மூன்றாவது முறை சின்னப்பொண்ணு அத்தை என் முறத்தைப் பிடுங்கிவிட்டாள்.

“நீ கோழிய ஓட்டு. அதுக்கு எண்ணத் தெரிய வேணாம்.”

ஆகவே அன்று நாவக்கொல்லையின் கோழிகளிடமிருந்து சாமியின் விதையைக் காத்தவன் நான்தான். ஒரு கோழிகூட என்னைத் தாண்டவில்லை. பருந்தே வந்திருந்தாலும் திரும்பிப் போயிருக்கும்.

வெயில் சாயும்போது மேகம் விலகியது. தார்பாய் முழுக்க மஞ்சள் குவியல்கள், சின்னச் சின்ன ஊர்கள் மாதிரி. முந்நூற்று ஐம்பத்தொன்பது குவியல் சரியாக வந்துவிட்டது. கடைசிக் குவியலை முனியன் மாமாவே எண்ணினார். எல்லோரும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு. தொண்ணூற்று ஒன்பது. ஆயிரம்.

விரல் நின்றது. முறத்தில் வேறு சாமை இல்லை.

“ஒண்ணு கொறையுது” என்றார்.

சக்கரவர்த்தி எழுந்தே விட்டான். “இல்ல மாமா. இன்னொரு தபா எண்ணுங்க.”

இன்னொரு தடவை எண்ணினார். ஆயிரம். சின்னப்பொண்ணு அத்தை எண்ணினாள். ஆயிரம். பானையைக் கவிழ்த்துத் தட்டினார்கள், தார்பாயை உதறினார்கள். பெண்கள் முந்தானையையும் ஆண்கள் வேட்டி மடிப்பையும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

“ஒண்ணுதானடா, போனா போவுது” என்று அவன் தோளில் கை வைத்தேன். என் கையைத் தட்டிவிட்டான்.

“உனக்குப் புரியல அருளு. ஒண்ணு கொறஞ்சா எல்லா கதவும் மூடிக்கும். ரெண்டா பிரிச்சாலும் ஒண்ணு கொறையும். மூணா பிரிச்சாலும் ஒண்ணு கொறையும். ஏழு, பதினொண்ணு, பதினஞ்சு, யாரு வந்தாலும் ஒண்ணு கொறையும். அத்தினி பேரையும் உள்ள வுட்ட நம்பரு, ஒண்ணு போனதும் ஒருத்தரையும் வுடாது.”

முனியன் மாமா சட்டென்று திரும்பினார். “பன்னெண்டு?”

“பன்னெண்டுக்கும்தான் மாமா.”

அவர் முகம் மாறிவிட்டது. எண்ணாமல் இருந்திருந்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் முப்பது முப்பது கரண்டி போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார். இப்போது ஒன்று குறைவது ஊருக்கே தெரிந்துவிட்டது. சாமி விதையில் ஒன்று குறைய, யாருக்கும் சம பங்கு கிடையாது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ராணியம்மாள் மெதுவாக எழுந்து முறத்தைத் தட்டினாள்.

“வுடுங்க மாமா. என்னால ஊருக்கு இந்தக் கொற வேணாம். தம்பி, வா போலாம்.”

“எங்கயும் போவாத, ஒக்காரு” என்றார் முனியன் மாமா. “ஒரு சாமை காத்துல கரைஞ்சா போவும்? கோழிதான் தின்னுருக்கும். அருளு, நீ காவல் காத்த லட்சணம் இதானா? அந்தச் செவலக் கோழியப் புடிங்கடா.”

செவலைக் கோழி என் வீட்டுக் கோழி. அதற்கு என்ன புரிந்ததோ, கோயில் கூரை மேல் ஏறிவிட்டது. நாலு பேர் ஏணியைத் தேடி ஓடினார்கள். அப்போதுதான் சின்னப்பொண்ணு அத்தை, தலையிலிருந்து எதையோ தட்டிவிடுகிறவள் மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

“கோழிய வுடுய்யா. காலைல நீ ஒண்ண கடிச்சியே, அத யாரு எண்ணுனாங்க?”

ஏர் மாடு ஒன்று மணியை ஆட்டியது.

முனியன் மாமா விரலை வாய்க்குக் கொண்டுபோனார். நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினார். அந்த மீசை மெல்ல இடமும் வலமுமாகப் போய்வந்தது.

“அது… காஞ்சுதான்னு பாக்கறது. எப்பவும் உள்ள வழக்கம்டி.”

“வழக்கம்னா வயித்துக்குள்ள போவாதா?”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை, நானாக இருக்கலாம். பிறகு ஊரே சிரித்தது. கச்சிராயபாளையத்தில் இடி என்று நினைத்துக் காயப்போட்ட துணியை எடுத்திருப்பார்கள். சக்கரவர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தது போல.

விதை பிரிக்கும் ஒவ்வொரு ஆடியிலும் நாட்டாமை ஒன்று கடிப்பார். அது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. மூச்சை யார் எண்ணுவார்கள்? மாதக்கணக்கில் எண்ணியவனுக்கே அது தோன்றவில்லை.

முனியன் மாமா எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். சாமி பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“பதிமூணுக்கும் சரியாத்தான் கீது” என்றார். “முந்நூத்தி அம்பத்தொம்பது குவியல்லயும் வூட்டுக்கு எழுவத்தேழு. கடைசிக் குவியல்ல பன்னெண்டு வூட்டுக்கு எழுவத்தேழு. என் வூட்டுக்கு எழுவத்தாறு.”

“அது ஏன் நம்ம வூட்டுக்குக் கம்மி?” என்றாள் அத்தை.

“ஒண்ணதான் நான் வெள்ளனவே வாங்கித் தின்னுட்டேனே.”

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மலைக்கே கேட்கிற மாதிரி முதல் பெயரைக் கூப்பிட்டார்.

“ராணியம்மா வூடு!”

ராணியம்மாள் உடனே வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள், வேறு யாரையோ கூப்பிட்ட மாதிரி. அவள் மகள்தான் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, நம்ம வூடும்மா.” மடியை ஏந்திக்கொண்டு வந்தாள். மடியில் சாமை விழும்போது ஓசையே இல்லை. ஆனாலும் சக்கரவர்த்தி ஏதோ கேட்கிறவன் மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

மறுநாள் தகர வீட்டுக்கு மேலே இருக்கும் கொல்லையில் அவள் விதைத்தாள். மேகம் இடுப்பு வரை நின்றது. இடுப்புக்கு மேல் மட்டும் அவள் தெரிந்தாள். கை வீசும்போது மஞ்சளாக ஒரு கோடு போய் வெள்ளைக்குள் மறைந்தது. அண்டைக் கொல்லையில் சின்னப்பொண்ணு அத்தை விதைத்துக்கொண்டே அவளிடம் ஏதோ சத்தம் போட்டுக் கேட்டாள், இவளும் சத்தம் போட்டே பதில் சொன்னாள். மாடு பற்றிய பேச்சு.

வரப்பில் சக்கரவர்த்தி நின்றிருந்தான். உதடு அசைந்தது.

“இன்னாடா, இன்னும் எண்ணிக்கினு கீற?”

“இருவத்தேழாயிரத்து எழுநூத்தி இருவது விதை. ஒண்ணு ஒரு கதிரு வுட்டா, ஒரு கதிருக்கு எத்தினி சாமைன்னு…”

அதற்குள் தலைக்கு மேல் ஏறிவிட்ட மேகத்துக்குள்ளிருந்து ராணியம்மாள் குரல் வந்தது.

“டேய் தம்பி! மொளைக்கறதுக்குள்ள எண்ணாதடா, கண்ணு பட்டுடும். எறங்கி வந்து அந்த ஓரத்துல மண்ண தள்ளு.”

சக்கரவர்த்தி வரப்பிலிருந்து இறங்கினான். இறங்குகிற வழியிலேயே காணாமல் போனான். கொஞ்ச நேரத்தில் மண் தள்ளுகிற சத்தம் கேட்டது.